நிமிர்ந்திருந்த நான்கு தட்டுகள்

அத்தியாயம் ஏழு

செத்தவரின் அறை இன்னும் சாகவில்லை. பூட்டி முத்திரை வைத்த கதவுக்குப் பின்னால் அது உறுமிக்கொண்டே இருந்தது.

ஈஸ்ட் வளர்க்கும் அறை அது. ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பெட்டியைக் கட்டி, சொன்ன டிகிரியை விட்டு அசையக்கூடாது என்று மிரட்டி வைத்தது போலிருந்தது. ஜன்னல் கிடையாது. மூன்று பக்கமும் எஃகு அலமாரிகள். கதவுக்கு வெளியே ஒரு குமிழ். அதைத் திருப்பினால் உள்ளே பருவம் மாறும். இப்போது அதன் முள் இருபத்தைந்தில் நின்றது.

"சீக்கிரம் பாருங்க அண்ணி" என்றார் இன்ஸ்பெக்டர், முத்திரையைப் பிரித்துக்கொண்டே. "அந்த ஆராய்ச்சி மாணவியை ரிமாண்ட் பண்ணணும். பத்திரிகைக்காரங்களுக்கு டீ கூட சொல்லியாச்சு."

இன்ஸ்பெக்டருக்கு அவள் அண்ணி முறை இல்லை. துப்பறிய வந்தவளுக்கு அந்தப் பெயரை ஊர் முழுக்கப் பரப்பியவன் அவளுடைய உதவியாளன். கணவனின் தம்பி. "எந்த வேலையிலும் ஒட்டாத பிள்ளை, நீயாவது கூட வெச்சுக்கோ" என்று மாமியார் கொடுத்துவிட்ட சீதனம். அவன் வாய்க்கு வாய் அண்ணி என்று கூப்பிட்டதில், போலீஸ், வக்கீல், பிடிபட்ட குற்றவாளிகள் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

உள்ளே தரையில் சாக்பீஸ் கோடு, ஒரு மனிதன் சுருண்டு படுத்த வடிவத்தில். தலை இருந்த இடத்துக்கு மேலே, அலமாரியின் கூர்மையான மூலை.

"யாரோ பிடிச்சுத் தள்ளியிருக்காங்க. மண்டை இந்த மூலையில மோதியிருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "செத்தவர் இந்த ஆராய்ச்சி நிறுவனத்துல ரெண்டாவது ஆள். பசங்க வெச்ச பேரு சல்லடை. எந்த முடிவையும் திரும்பத் திரும்பச் சலிக்காம விடமாட்டாராம். அந்தப் பொண்ணோட ஆராய்ச்சியையும் சலிச்சுட்டு, முதல்லேர்ந்து பண்ணுன்னு சொல்லிட்டார். காரணம் ரெடி. நேரமும் ரெடி."

"நேரம் யார் சொன்னது?"

"டாக்டர். ராத்திரி அந்தப் பொண்ணு உடம்பைப் பார்த்துட்டுக் கத்தினா. டாக்டர் வந்து தொட்டுப் பார்த்தார், உடம்பு சுடச்சுட இருந்துது. இப்பத்தான் செத்திருக்கார்னு எழுதிக் கொடுத்தார். ஊரே அன்னைக்கு இயக்குநரோட பரிசளிப்பு விழாவுல இருந்துது. இந்த மாடியில அவ ஒருத்திதான்."

"டாக்டர் நல்லாப் பார்த்தாரா?"

"அவரும் விழாவுலேர்ந்துதான் வந்தார். பார்த்துட்டு உடனே கிளம்பிட்டார். சாப்பாடு ஆறிடும்னு."

கொழுந்தன் சாக்பீஸ் கோட்டைத் தாண்டிப் போனான். "ஆறுற விஷயத்துல டாக்டருக்கு அனுபவம் ஜாஸ்தி போல."

அண்ணி சிரிக்கவில்லை. அவள் அலமாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை நிறைய மூடி போட்ட சின்னத் தட்டுகள். எல்லாவற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி போன்ற ஜெல்லி. அதன் மேல் வெண்ணெய் நிறத்தில் ஈஸ்ட் புள்ளிகள். எல்லாத் தட்டும் கவிழ்ந்தே கிடந்தன. மூடி கீழே, ஜெல்லி மேலே. சீட்டுகள் தட்டின் அடியில் ஒட்டப்பட்டிருந்தன.

சாக்பீஸ் தலைக்கு நேர் மேலே இருந்த அடுக்கில் மட்டும் நான்கு தட்டுகள் நிமிர்ந்திருந்தன. சீட்டு மூடியின் மேல். மூடிக்கு அடியில் நீர்த்துளிகள் கோத்து நின்றன, கண் கலங்கியது போல. அந்தச் சீட்டுகளில் சல்லடையின் கையெழுத்து.

"எல்லாம் குப்புறப் படுத்திருக்கு, இது நாலும் மல்லாந்து படுத்திருக்கு" என்றான் கொழுந்தன். "பெரிய இடத்துப் பிள்ளைங்களா அண்ணி?"

"தொடாதே" என்றாள் அண்ணி.

"எதையுமே தொடாதீர்கள் அம்மா!" என்று வாசலிலிருந்து ஒரு குரல் ஒலித்தது. பேச்சு வழக்கு அந்தக் குரலுக்குக் கொச்சை. மேடையிலிருந்து இறங்கினால் கால் அழுக்காகிவிடும் என்பது போன்ற தமிழ். இயக்குநர். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. "இது ஆய்வகம் அல்ல, என் தவச்சாலை. இங்கே இருக்கும் ஒவ்வொரு உயிரும் என் கையால் வளர்ந்தது. பதவிகள் வரும், போகும். நான் இன்றும் மேசையில் கை வைத்து வேலை செய்கிற எளிய தொழிலாளி."

அந்த எளிமைக்குச் சாட்சியாக வராந்தாவில் ஆளுயரப் படம் மாட்டியிருந்தது: வெள்ளைக் கோட்டில் இயக்குநர், நுண்ணோக்கிமேல் குனிந்தபடி. கோட்டில் கடையில் மடித்த மடிப்பு அப்படியே தெரிந்தது.

"அது என்ன சார் கையில?" என்றான் கொழுந்தன்.

இயக்குநர் செய்தித்தாளைப் பிரித்தார். தங்க நிறத்தில் ஒரு கேடயம். "அன்றே என் அறையில் வைக்க வந்தேன். அப்போதுதான் அந்தப் பெண்ணின் அலறல்... காவலர்களுக்குச் செய்தி சொன்னதும் நான்தான். இன்று நிர்வாகக் குழுத் தலைவர் பார்க்க விரும்புகிறார்." கேடயத்தைத் துக்கத்தோடு தடவினார். செத்தவரைப் பற்றிப் பேசும்போது அவ்வளவு துக்கம் வரவில்லை.

அவர் போனதும் இன்ஸ்பெக்டர் சொன்னார்: "சாயந்திரம் முழுக்க மேடையிலேயே இருந்தார் அண்ணி. பேச்சை முடிங்கன்னு சீட்டு மேல சீட்டு அனுப்பினாங்களாம். அவர்மேல சந்தேகப்படவே முடியாது."

"நான் யார் மேலயும் சந்தேகப்படல" என்றாள் அண்ணி. "இந்த நாலு தட்டு மேலதான்."

*

மாணவி காவல் நிலையத்தின் பின்னறையில் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நகத்தில் மார்க்கர் மை. அழுது முடித்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாத முகம்.

"தட்டை ஏன் கவிழ்த்து வைக்கிறீங்க?" என்றாள் அண்ணி. கொலையைப் பற்றிக் கேட்பார்கள் என்று தயாராக இருந்தவளுக்குத் திகைப்பாக இருந்தது.

"ஜெல்லியிலேர்ந்து ஈரம் கிளம்பி மூடியில சேரும் மேடம். நிமிர்த்தி வெச்சா அது சொட்டி, ஈஸ்ட் புள்ளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். முதல் நாள் சொல்லிக் கொடுப்பாங்க. அப்புறம் யோசிக்கவே வேண்டாம், கையே பண்ணும். சீட்டையும் அடியிலதான் ஒட்டுவோம். மூடி மாறிப் போகும், அடி மாறாது."

"சல்லடை சாரோட தட்டுல என்ன இருந்துது?"

அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு சின்ன வெளிச்சம். தெரிந்த இடத்துக்கு வந்துவிட்ட வெளிச்சம்.

"ஈஸ்ட் செல் ஒரு தொழிற்சாலை மாதிரி மேடம். உள்ள செய்யிற சரக்கைச் சின்னச் சின்னப் பையில போட்டுச் சுவர் வரைக்கும் அனுப்பும். பை சுவரோட ஒட்டி, சரக்கு வெளிய போகும். எந்தப் பை எங்க போய் ஒட்டணும், எப்ப ஒட்டணும்னு பார்த்துக்கிறது ஒரு குட்டிப் புரதம். ஜி.டி.பேஸ்னு சொல்வோம். அது ஒரு சுவிட்ச். மூணு பாஸ்பேட் வால் இருக்கிற மூலக்கூறு ஒண்ணைப் பிடிச்சிருந்தா ஆன். ஒரு வாலை வெட்டிட்டா ஆஃப். ஆன்ல பை போய் ஒட்டும். ஆஃப் ஆனதும் புரதம் கழண்டு, அடுத்த பைக்குத் திரும்பி வரும்."

"எங்க ஆபீஸ் பியூன் மாதிரி. ஆனா அவர் எப்பவும் ஆஃப்" என்றான் கொழுந்தன்.

"எப்பவும் ஆஃப்னாலும் கெட்டது, எப்பவும் ஆன்னாலும் கெட்டது" என்றாள் மாணவி. "அதுதான் சண்டையே. சுவிட்சை எப்பவும் ஆன்ல நிறுத்திட்டா சரக்கு கொட்டோ கொட்டுன்னு கொட்டும்னு சொல்லித்தான் இயக்குநர் சார் பரிசு வாங்கினார். சல்லடை சார் திரும்பப் பண்ணிப் பார்த்தார். கொட்டல. புரதம் திரும்பி வராம, பையெல்லாம் தேங்கிப் போச்சு. என் ஆராய்ச்சியும் இயக்குநர் சொன்னதை நம்பிப் பண்ணினது. அதனாலதான் முதல்லேர்ந்து பண்ணச் சொன்னார். நான் கத்தினேன்தான். ஆனா அவர் சொன்னது சரி. அன்னைக்கு இயக்குநரைப் பார்த்து, பரிசு வாங்காதீங்கன்னு சொல்லப் போறதாச் சொன்னார்."

அண்ணி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த நாலு தட்டு?" என்று நினைவுபடுத்தினாள் அண்ணி.

"அதுல ஒரு பாதி சாதாரண ஈஸ்ட். இன்னொரு பாதியில, சுவிட்ச் பழுதான ஈஸ்ட். அந்தப் பழுது ஒரு விசித்திரம். இருபத்தஞ்சு டிகிரியில ஒழுங்கா வேலை செய்யும். முப்பத்தேழுல அப்படியே நின்னுடும். பை மேல பை சேர்ந்து, உள்ள மூச்சு முட்ட அடைச்சு, செல்லே கனத்துப் போயிடும். வெளிய எதுவும் போகாது. வளராது."

"முப்பத்தேழு" என்றாள் அண்ணி மெதுவாக. "நம்ம உடம்போட சூடு."

கொழுந்தன் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அன்னைக்கு மத்தியானம் எங்கேம்மா இருந்தே?"

"கண் ஆஸ்பத்திரியில. அப்பாவுக்கு ஆபரேஷன். வார்டு முழுக்க என்னைப் பார்த்தாங்க. ஆனா இன்ஸ்பெக்டர் சார் மத்தியானத்தைப் பத்திக் கேட்கவே இல்ல, சாயந்திரம்தான்னு சொல்லிட்டார். சாயந்திரம் வந்து நுண்ணோக்கி ரூம்ல, இருட்டுல தனியா இருந்தேன்." நகத்து மையைச் சுரண்டினாள். "நாளைக்கு அப்பாவுக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க. கண்ணைத் திறந்ததும் நான் எங்கேன்னு கேட்பார். என்ன சொல்வாங்க?"

அண்ணி அவள் பக்கம் குனிந்தாள். "அந்த நாலு தட்டுல உண்மையிலேயே பழுதான ஈஸ்ட்தான் இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"ரொம்ப சுலபம் அண்ணி" என்றாள் மாணவி. மேடம் எப்போது அண்ணியானாள் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. "ஒரு பல்குத்தும் குச்சி போதும்."

*

அறிவியலின் மாபெரும் கோயிலில் அன்று நடந்த சோதனையைப் பல்குத்தும் குச்சியால் கொழுந்தன் செய்தான். காவலோடு அழைத்து வந்த மாணவி கைகட்டி நின்று சொல்லச் சொல்ல, இன்ஸ்பெக்டர் சாட்சியாகக் கொட்டாவி விட, அவன் நான்கு தட்டிலிருந்தும் 'பழுது' என்று சீட்டு சொன்ன பாதியைக் குச்சியால் தொட்டு, புதுத் தட்டில் இழுத்தான். பக்கத்திலேயே, குளிர்ப்பெட்டியில் சல்லடை பூட்டி வைத்திருந்த மூலப் பழுது ஈஸ்ட்டிலிருந்து ஒரு கோடு. பிறகு அண்ணி அந்த அறையின் குமிழை முப்பத்தேழுக்குத் திருப்பினாள். உறுமல் ஒரு சுருதி ஏறியது.

"உங்க மாமியார் சமையலுக்கு அப்புறம் இந்தக் குச்சிக்கு இவ்வளவு வேலை இப்பத்தான்" என்றான் கொழுந்தன்.

"உங்க அம்மாதானே?"

"அதான் தைரியமாச் சொல்றேன்."

மறுநாள் பிற்பகல் கதவைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து வந்த காற்று ஒரு மனிதன் முகத்துக்கு நேரே மூச்சு விட்டது போலிருந்தது. இளஞ்சூடு. லேசாகப் புளித்த வாடை. சாக்பீஸ் மனிதன் அந்தச் சூட்டில் சுருண்டு படுத்திருந்தான். இந்தச் சூட்டில் கிடக்கிற உடம்பு எப்படி ஆறும் என்பதை அங்கே நின்ற எல்லோருடைய தோலும் சொன்னது.

அண்ணி புதுத் தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கினாள். மூலப் பழுது ஈஸ்ட்டை இழுத்த இடம் வெறும் தடம். அதன் பக்கத்தில் நான்கு கோடுகள், திரட்டுப்பால் போலத் தடிமனாக.

"இது பழுதான ஈஸ்ட் இல்ல" என்றாள் மாணவி. "சாதாரண ஈஸ்ட். யாரோ சாரோட தட்டையே மாத்தியிருக்காங்க. சீட்டைப் பிரிச்சு, வேற தட்டுல ஒட்டி..."

"பார்த்தீங்களா!" இன்ஸ்பெக்டர் தொடையைத் தட்டினார். சத்தம் கேட்டு இயக்குநரும் வந்து வாசலில் நிற்க, இன்ஸ்பெக்டர் தொடர்ந்தார்: "எது சூட்டுல வளரும், எது வளராதுன்னு வெளியாளுக்குத் தெரியுமா? திருட வந்தவன் ஈஸ்ட்டையா மாத்துவான்? படிச்ச ஆள் பண்ணின வேலை. அதாவது, இந்தப் பொண்ணு! அண்ணி, என் வேலையை நீங்களே முடிச்சுக் கொடுத்துட்டீங்க."

மாணவியின் முகம் வெளுத்தது. தன்னைக் காப்பாற்றும் என்று தானே சொல்லிக் கொடுத்த சோதனை, தன் கழுத்தையே தேடி வருவதை அவள் பார்த்தாள்.

"கசப்பான உண்மை" என்றார் இயக்குநர், தலையை அசைத்து. "என் மாணவி என்பதால் எனக்குக் கூடுதல் வலி."

"இன்ஸ்பெக்டர்" என்றாள் அண்ணி. "தட்டை ஏன் மாத்தணும்?"

"ஏன்னா... ஏன்?"

"அந்த ஈஸ்ட் வளராம நின்னிருந்தா, இந்த அறை சூடாச்சுன்னு அர்த்தம். அறை சூடாச்சுன்னா, உடம்பு ஆறாம இருந்ததுக்கு அதுதான் காரணம். யாரோ குமிழை ஏத்திட்டு, ராத்திரி உடம்பைக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னால இறக்கி வெச்சிருக்காங்க. அப்படின்னா அவர் செத்தது சாயந்திரம் இல்ல. மத்தியானம். மத்தியானம் இந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியில இருந்தா. வார்டே சாட்சி." அண்ணி நிறுத்தினாள். "தன்னைக் காப்பாத்துற ஒரே சாட்சியை அவளே எதுக்குக் கலைக்கணும்? அது இருந்தா யாருக்கு ஆபத்தோ, அவங்கதானே கலைப்பாங்க? சாயந்திரத்துக்கு ஊரையே சாட்சியா வெச்சிருக்கிறவங்க."

இன்ஸ்பெக்டரின் கை தொடையிலேயே நின்றது.

இயக்குநர் சிரித்தார். நன்றாகப் பழகிய சிரிப்பு. "கற்பனை வளம் அபாரம் அம்மா. ஆனால் ஆய்வகத்தில் ஈஸ்ட் கலந்துபோவது அன்றாடம் நடப்பது. சல்லடையே கூடத் தவறு செய்திருக்கலாம்."

"இருக்கலாம் சார்" என்று உடனே பணிந்துவிட்டாள் அண்ணி. "நாங்க என்ன கண்டோம்? நீங்க கையால வேலை செய்யிற ஆளு. இந்த நாலையும் இருந்த இடத்துல நீங்களே வெச்சுடுங்க. நாங்க தொட்டு எதையாவது கெடுத்துடப் போறோம்."

இவ்வளவு மரியாதையோடு யாராவது கேட்டால் இயக்குநரால் மறுக்க முடியாது. அது அவருடைய நோய். தட்டுகளை வாங்கிக்கொண்டார். சாக்பீஸ் கோட்டைப் பார்க்காமல் அதைச் சரியாகத் தாண்டினார். ஒவ்வொன்றாக, பரிசுக் கோப்பை வைப்பது போல, அலமாரியில் வைத்தார். மூடி மேலே தெரிய, சீட்டு தன்னைப் பார்க்க. நான்கும் அழகாக நிமிர்ந்து நின்றன.

அறை உறுமியது.

மாணவி ஓரடி முன்னே வந்தாள். எதையும் நினைத்துச் செய்யவில்லை. அவள் கண் வேறெங்கோ இருந்தது. கை மட்டும் நீண்டது. முதல் தட்டைக் கவிழ்த்தது. இரண்டாவதை. மூன்றாவதை. அப்போதுதான் தன் கை செய்வதை அவளே பார்த்தாள். நான்காவது தட்டின்மேல் விரல்கள் அப்படியே நின்றன.

"அன்னைக்கும் இந்த நாலு மட்டும் நிமிர்ந்துதான் இருந்துது சார்" என்றாள் அண்ணி. "சூடு பட்டா எந்த ஈஸ்ட் காட்டிக்கொடுக்கும்னு தெரிஞ்ச ஆளு. ஆனா தட்டை எப்படி வைக்கணும்னு கை மறந்துபோன ஆளு. இந்தக் கட்டடத்துல அப்படி எத்தனை பேர் சார் இருக்காங்க?"

இயக்குநர் தன் கையைப் பார்த்தார். அது யாருடையது என்று கேட்பது போல. நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி இறங்கியது.

"பழைய தட்டுகள் எங்கே?" என்றார். முதல் தடவையாகக் குரலில் மேடை இல்லை. "அவை இல்லாமல் இது வெறும் கதை. எங்கே, காட்டுங்கள் பார்க்கலாம்."

"அதைத்தான் நானும் ரெண்டு நாளா யோசிக்கிறேன்" என்றான் கொழுந்தன். "விழாப் படத்துல கேடயம் பெரிய வெல்வெட் பெட்டியில இருக்கு. வாட்ச்மேன்கிட்ட கேட்டேன். அன்னைக்குப் பெட்டியோட உள்ள போனீங்களாம், பெட்டியோட வெளிய வந்தீங்களாம். கேடயம் மட்டும் உங்க ரூம்லயே இருந்து, நேத்து பழைய பேப்பர்ல சுத்தி வருது. அப்ப பெட்டிக்குள்ள என்ன சார் வீட்டுக்குப் போச்சு?"

எப்போதும் ஆனிலேயே இருந்த அந்த வாய் அடைத்துக்கொண்டது. எத்தனையோ வாக்கியங்கள் தொண்டை வரை வந்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் தேங்கி நிற்பது வெளியிலிருந்தே தெரிந்தது.

இதுவரை மாணவியின் பக்கத்தில் நின்றிருந்த இன்ஸ்பெக்டர் நகர்ந்தார். சாக்பீஸ் கோட்டைச் சுற்றிப் போய், இயக்குநரின் பக்கத்தில் நின்றுகொண்டார். "வீட்டுச் சாவி குடுங்க சார்" என்றார். அவருடைய சேவையிலேயே மிகச் சிறிய வாக்கியம் அது.

சாவி கை மாறும் சத்தம் கேட்டது. காலடிகள் வராந்தாவில், ஆளுயரப் படத்தைத் தாண்டி, தேய்ந்து போயின.

"கிளம்பும்மா" என்றாள் அண்ணி. "கட்டுப் பிரிக்கிற நேரம் ஆச்சு இல்ல?"

மாணவி தலையாட்டினாள். ஆனால் போவதற்கு முன்னால் நான்காவது தட்டையும் கவிழ்த்தாள். வெளியே வந்து, குமிழைப் பிடித்து, இருபத்தைந்துக்குத் திருப்பினாள்.

உறுமல் ஒரு சுருதி இறங்கியது. செத்தவரின் அறை மெல்ல ஆறத் தொடங்கியது.